எண்ணி ஆடும் வட்டம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வட்ட நடனத்தைப் பற்றி. ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கு மூலையில், பிரெனே மலைத்தொடருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இருக்கிறது கத்தலோனியா. அந்த மக்களின் நடனம் இது. பெயர் சர்தானா.

கைகோத்து வட்டமாக நின்று ஆடும் வழக்கம் உலகில் எத்தனையோ மக்களிடம் உண்டு. செர்பியர்கள் கோலோ ஆடுகிறார்கள். பல்கேரியர்களிடம் ஹோரோ, ருமேனியர்களிடம் ஹோரா. வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளின் நடனத்துக்கு வாத்தியமே கிடையாது. நீண்ட கதைப்பாடல்களைப் பாடிக்கொண்டு, இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஓரடி என்று சங்கிலியாக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். இத்தனை இருக்க நான் சர்தானாவிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வட்ட நடனங்களின் பிறப்பு நமக்குத் தெரியாது. சர்தானா இன்றைய வடிவத்தை அடைந்த காலம் தெரியும், ஊர் தெரியும், அதில் கைவைத்த மனிதர்களின் பெயரும் தெரியும். ஒரு சமூகம் தன் ஆதி மரபு என்று கொண்டாடுகிற ஒன்று எப்படி உருவானது என்பதைக் கிட்ட இருந்து பார்க்க முடிகிறது.

அப்படிப் பார்த்தபோது எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரபின் மதிப்பை அதன் வயதை வைத்து அளக்கக் கூடாது. அது யாரை உள்ளே விடுகிறது, உள்ளே வந்தவரிடம் என்ன உழைப்பைக் கேட்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் அளக்க வேண்டும். சர்தானா இதற்கு நல்ல சாட்சி.

முதலில் நடனத்தைப் பார்ப்போம். பார்சலோனா நகரின் பெரிய தேவாலயத்துக்கு முன்னால் ஒரு சதுக்கம் இருக்கிறது. வார இறுதிகளில் அங்கே இசைக்குழு வந்து அமரும். கடைக்கு வந்தவர், பூசை முடிந்து வெளியே வந்தவர், அதற்கென்றே பக்கத்து ஊரிலிருந்து வந்தவர் என்று பலரும் சுற்றி நிற்பார்கள். இசை தொடங்கியதும் இரண்டு பேர், நான்கு பேர் என்று கைகோப்பார்கள். கைப்பை, மேல்சட்டை, வாங்கிய சாமான் எல்லாவற்றையும் வட்டத்தின் நடுவில் தரையில் வைத்துவிடுவார்கள். ஆட வருகிறவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டு கைகளைப் பிரித்து நடுவில் போய் நின்றால் போதும். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஓர் ஆணுக்கும் அவருடைய வலப்பக்கம் நிற்கும் பெண்ணுக்கும் இடையே நுழையக் கூடாது, ஏனென்றால் அவர்கள் ஜோடி. வட்டம் பெரிதாகிவிட்டால் பக்கத்திலேயே இன்னொரு வட்டம் பிறக்கும். சில நிமிடங்களில் சதுக்கம் முழுக்க வட்டங்கள்.

ஆடுகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். துள்ளல் உண்டு, ஆனால் ஆர்ப்பாட்டம் இல்லை. முதுகு நிமிர்ந்திருக்கும், தலை அசையாது, முகத்தில் ஓர் ஆழ்ந்த கவனம். புதிதாகப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், 'கொண்டாட்டம் என்கிறார்கள், ஒருவரும் சிரிக்கக் காணோமே' என்று வியப்பதுண்டு. அந்த முகத்துக்குக் காரணம் சோகமில்லை. அவர்கள் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எண்ணிக்கைதான் சர்தானாவின் உயிர்நாடி. அதைச் சொல்வதற்கு முன் இசைக்குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குக் கொப்லா என்று பெயர். 11 பேர், 12 வாத்தியங்கள். ஒருவர் இரண்டு வாத்தியம் வாசிப்பதால் இந்தக் கணக்கு. அவர் இடக்கையில் ஃப்ளபியோல் என்ற சின்னஞ்சிறு குழலைப் பிடித்து ஊதுவார். அதே இடக்கையின் முழங்கைப் பக்கம் தம்போரி என்ற குட்டி முரசு கட்டியிருக்கும். வலக்கையில் இருக்கும் சிறு குச்சியால் அதைத் தட்டுவார். பிறகு இரண்டு திப்ளே, இரண்டு தெனோரா, இரண்டு ட்ரம்பெட், ஒரு ட்ரோம்போன், இரண்டு ஃபிஸ்கோர்ன், ஒரு டபுள் பேஸ். இதில் திப்ளேயும் தெனோராவும் நம் நாகசுரம்போல இரட்டைச் சீவாளி கொண்டவை. மேற்காசியாவிலிருந்து ஐரோப்பா வரை பரவியிருக்கும் ஒரு பெரிய வாத்தியக் குடும்பத்தின் பிள்ளைகள். திறந்தவெளிக்கென்றே பிறந்த குரல் அவற்றுக்கு. தெனோரா ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் நீளம், அடியில் உலோக அணைசு. அது தனித்து எழுந்து பாடும்போது சதுக்கத்தின் கடைசி மூலை வரை கேட்கும்.

சரி, இனி ஆட்டம். ஃப்ளபியோல் மட்டும் தனியாக ஒரு சின்ன முகப்பு வாசிக்கும். அப்போது யாரும் கால் எடுப்பதில்லை. பிறகு முழுக் கொப்லாவும் சேர்ந்துகொள்ளும். சர்தானாவில் இரண்டு வகை அடவுகள். குறு அடவு இரண்டு ஆவர்த்தனத்தில் முடியும். நெட்டடவு நான்கு ஆவர்த்தனம் எடுக்கும். ஒன்றை இடப்பக்கம் போட்டால் அடுத்ததை வலப்பக்கம் போட வேண்டும். குறு அடவுக்குக் கைகள் கீழே தொங்கும். நெட்டடவு வந்ததும் வட்டம் முழுவதும் கைகள் தோளளவுக்கு உயரும். குறு அடவுப் பகுதி இரண்டு முறை, நெட்டடவுப் பகுதி இரண்டு முறை, மறுபடியும் குறு இரண்டு, நெடு இரண்டு. பிறகு ஃப்ளபியோலின் சிறிய இடையீடு, ஒரு நெடு, மறுபடி இடையீடு, கடைசி நெடு. ஆக மொத்தம் 10 சுற்று. முழுதாக ஆடி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

இதுவரை எளிது. சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு சர்தானாவின் நீளமும் வேறு. ஒன்றில் குறு பகுதி 31 ஆவர்த்தனம், நெடு பகுதி 79 ஆவர்த்தனம் என்று இருக்கலாம். அடுத்த சர்தானாவில் இரண்டு எண்ணும் மாறிவிடும். 31ஐ இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். 79ஐ நான்கு நான்காகப் பிரித்தால் மூன்று மிஞ்சும். இசை நிற்கிற அந்தக் கடைசித் தட்டில் வட்டத்தில் இருக்கும் அத்தனை கால்களும் சரியான பக்கத்தில் முடிந்தாக வேண்டும். அதற்காக மிஞ்சிய ஆவர்த்தனங்களைப் பகுதி முடியும் இடத்தில் சிறு அடவுகளாகப் பிரித்துப் பொருத்த வேண்டும். எத்தனை ஆவர்த்தனம் என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். முதல் சுற்றுகளில் கேட்டு, எண்ணி, வகுத்து, மிச்சத்தை எப்படித் தீர்ப்பது என்று ஆடுகிறவர்களே முடிவு செய்ய வேண்டும்.

மிருதங்க வித்துவான் கோர்வையைக் கணக்காகக் கொண்டுவந்து சமத்தில் சேர்க்கும்போது நாம் தலையாட்டுகிறோம். அங்கே அந்தக் கணக்கு மேடையில் இருக்கும் ஒருவருடைய விரல்களில் இருக்கிறது. சர்தானாவில் தெருவில் நிற்கும் முப்பது பேருடைய கால்களில் இருக்கிறது. வட்டத்துக்கு ஒருவர், நன்றாக எண்ணத் தெரிந்தவர், பொறுப்பெடுத்துக்கொள்வார். மாற வேண்டிய இடம் வந்ததும் தணிந்த குரலில் சொல்வார், அல்லது பக்கத்தில் இருப்பவரின் கையை மெல்ல அழுத்துவார். அந்த அழுத்தம் கைக்குக் கை மாறி வட்டத்தைச் சுற்றிவரும். கணக்குத் தெரியாதவரும் ஆடலாம். பக்கத்துக் கை அவருக்குச் சொல்லித்தரும்.

கணக்கின் மீது இந்த மக்களுக்கு இருக்கும் பிரியத்துக்கு இன்னொரு சான்று உண்டு. ரெவெஸ்ஸா என்று ஒருவகைச் சர்தானாவை இசையமைப்பாளர்கள் எழுதுகிறார்கள். ஒரு பகுதி எங்கே முடிகிறது என்று காது ஏமாறும்படி வேண்டுமென்றே இசையைப் பின்னியிருப்பார்கள். அதன் எண்ணிக்கையைக் கண்டுபிடித்துச் சரியாக முடிப்பது குழுக்களுக்கிடையே ஒரு போட்டி. பாட்டு வடிவில் விடுகதை போட்டு, அதைக் காலால் விடுவிக்கச் சொல்கிறார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

சர்தானா என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஆடப்பட்டது இன்றைய நடனம் இல்லை. வடக்கே எம்போர்தா என்ற சமவெளிப் பகுதியில் கொந்த்ரபாஸ் என்ற பழைய ஆட்டத்தோடு ஒட்டிவந்த சிறிய ஆட்டம் அது. 'குட்டைச் சர்தானா' என்று பின்னால் அழைத்தார்கள். குறு அடவுப் பகுதிக்கு 8 ஆவர்த்தனம், நெட்டடவுப் பகுதிக்கு 16 ஆவர்த்தனம், அவ்வளவுதான். எந்தப் பாட்டானாலும் இதே அளவு. குழுவில் மூன்று பேர்: குழலும் முரசும் ஒருவர், பைக்குழல் ஒருவர், பழைய சீவாளி வாத்தியம் ஒருவர். அளவு மாறாததால் அன்று யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. கால் தானாகப் பழகிவிடும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது மாறியது. மாற்றத்தின் மையம் ஃபிகேரெஸ் நகரம். மையமான மனிதர் பெப் வெந்துரா. 1817இல் பிறந்தார். பிறந்த இடம் கத்தலோனியா இல்லை. தெற்கே அந்தலூசியாவில் அல்கலா லா ரேயால் என்ற ஊர். தந்தை படைவீரர், பணியின் பொருட்டு அங்கே இருந்தார். பிள்ளை சிறுவயதிலேயே எம்போர்தா பக்கம் வந்து சேர்ந்தது. ஃபிகேரெஸில் தையற்காரர் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். அந்தத் தையற்காரர் ஊரின் கொப்லாவையும் நடத்தியவர். அவரிடம் தையலும் இசையும் கற்று, அவர் மகளையே மணந்து, பிறகு குழுவையும் நடத்தினார் வெந்துரா.

அது ஐரோப்பா முழுக்க ஓபெரா இசையில் திளைத்திருந்த காலம். சிறுநகரத்து மக்கள்கூட அந்த மெட்டுகளை முணுமுணுத்தார்கள். நாட்டியக் கூடங்களில் வால்ஸ் வந்துவிட்டது. 24 ஆவர்த்தனத்துக்குள் அடங்கும் பழைய ஆட்டம் அந்த மக்களுக்குப் போதவில்லை. ஒரு நல்ல மெட்டை விரித்துப் பாட அதில் இடம் இல்லை. வெந்துராவும் எம்போர்தாவின் மற்ற இசைஞர்களும் அளவுக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இசை எவ்வளவு நீளம் கேட்கிறதோ அவ்வளவு நீளம் போகலாம் என்றானது. குழுவிலிருந்து பைக்குழல் போயிற்று, ஆட்கள் கூடினார்கள். பிரெனேவுக்கு அப்பால் பெர்பிஞான் நகரில் ஆந்த்ரெயு தொரோன் என்ற வாத்தியம் செய்பவர் 1849இல் தெனோராவுக்குப் புது உருவம் கொடுத்தார். வெந்துரா அதை வாங்கிக் குழுவின் முதல் குரலாக்கினார். 300க்கும் மேற்பட்ட சர்தானாக்களை எழுதினார். ஓபெரா மெட்டுகளைக் கையாண்டார், நாட்டுப்பாடல்களைக் கையாண்டார், சொந்தமாகவும் கட்டினார். 'உனக்காக அழுகிறேன்' என்று பெயர் வைத்த அவருடைய சர்தானா இன்றும் ஒலிக்கிறது. 1875இல் ஃபிகேரெஸிலேயே இறந்தார்.

இங்கே ஒரு கணம் நின்று கவனிக்க வேண்டும். அளவுக் கட்டை அவிழ்த்தது இசைக்குக் கிடைத்த விடுதலை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் ஆடுகிறவர்கள். நீளம் பாட்டுக்குப் பாட்டு மாறுமானால் எண்ணித்தான் ஆக வேண்டும். அதனால்தான் 1850இல் மிக்கேல் பார்தாஸ் என்ற ஆட்டக்காரர், புதிய நீண்ட சர்தானாவை ஆடுவது எப்படி என்று ஒரு சிறு நூலை ஃபிகேரெஸில் அச்சிட்டு வெளியிட்டார். நாட்டுப்புற நடனம் ஒன்றுக்குப் பிறக்கும்போதே பாடப்புத்தகம்! தாய் மகளுக்குக் காட்டி, மகள் பேத்திக்குக் காட்டி வழிவழியாக வந்தது என்று நாம் நினைக்கும் ஒன்று, அச்சகத்தின் துணையோடு பரவியிருக்கிறது. இசைஞர்கள் சுதந்திரம் எடுத்துக்கொண்டார்கள், ஆட்டக்காரர்கள் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஒப்பந்தத்தில்தான் இன்றைய சர்தானா பிறந்தது.

பெப் வெந்துரா இறக்கும்போது அது ஒரு வட்டாரத்தின் ஆட்டம் மட்டுமே. அதை ஒரு தேசத்தின் நடனமாக்கியது அடுத்த தலைமுறை. 19ஆம் நூற்றாண்டில் கத்தலான் மொழியும் இலக்கியமும் மறுமலர்ச்சி கண்டன. பார்சலோனாவின் எழுத்தாளர்களும் அரசியலாளர்களும் தங்கள் மக்களுக்கென ஓர் அடையாளத்தைத் தேடினார்கள். எம்போர்தாவின் வட்டம் அவர்கள் கண்ணில் பட்டது. தலைவன் இல்லை, முன்வரிசை பின்வரிசை இல்லை, எல்லோரும் கைகோத்து நிற்கிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றிக் காண விரும்பிய சித்திரம் அது. கவிஞர் ஜுவான் மரகால் 1890களில் சர்தானாவைப் பற்றி எழுதிய கவிதை அந்த நடனத்தை மொழியின் நெஞ்சுக்குள் வைத்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்சலோனாவில் சர்தானா வேர்விட்டது.

அடையாளம் கிடைத்ததும் பழமை தேவைப்பட்டது. எம்போர்தா கடற்கரையில் எம்பூரியஸ் என்ற இடம் இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர்கள் குடியேறிய ஊர். 1908இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. கத்தலோனியாவின் மண்ணில் கிரேக்கம்! சர்தானா கிரேக்கர்களின் வட்ட நடனத்திலிருந்து வந்தது என்ற பேச்சு ஊக்கம் பெற்றது. சிலர் அதை விண்மீன்களின் சுழற்சியோடும் பகல் இரவுப் பொழுதுகளோடும் சேர்த்து விளக்கினார்கள்: குறு அடவு இரவாம், நெட்டடவு பகலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரேக்கர்களையும் சர்தானாவையும் இணைக்கும் சான்று ஒன்றும் இல்லை. நடுவில் இரண்டாயிரம் ஆண்டு மௌனம் மட்டுமே இருக்கிறது.

1983இல் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்து வெளியிட்ட 'மரபின் கண்டுபிடிப்பு' என்ற நூலை உங்களில் பலர் அறிவீர்கள். பழமையானவை என்று நாம் நம்பும் பல சடங்குகளும் சின்னங்களும் அண்மைக்காலத்தில் உருவாக்கப்பட்டவை என்று அந்த நூல் காட்டியது. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கட்டம்போட்ட பாவாடை அதில் வரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அந்த நூலுக்குப் பிறகு ஒரு மரபின் பிறந்த தேதியைக் கண்டுபிடித்து, 'பார், இது பொய்' என்று சொல்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது. சர்தானாவைப் பற்றியும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் அதை ஏற்கவில்லை. கிரேக்கக் கதை பொய்தான். நடனம் பொய் இல்லை. பழமை என்ற போர்வையை விலக்கிய பிறகு கீழே என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது வெறும் சின்னம். சர்தானாவில் மிஞ்சுவது நிறைய இருக்கிறது. கற்க வேண்டிய கலை இருக்கிறது, கேட்க வேண்டிய இசை இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் அறியாத மனிதரின் கையைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. ஒரு தையற்காரரின் மருமகனும், ஒரு வாத்தியம் செய்பவரும், சின்னப் புத்தகம் எழுதிய ஓர் ஆட்டக்காரரும் சேர்ந்து உருவாக்கினார்கள் என்பதால் இதில் எந்த மதிப்பும் குறைந்துவிடவில்லை. பெயரறியாத முன்னோர் தந்ததாகச் சொல்லும் கதையைவிட, பெயரறிந்த உழைப்பாளிகள் தந்தது என்ற உண்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்த உழைப்பாளிகளின் வரிசை நீளமானது. ஜூலி கரேத்தா என்று ஓர் இசையமைப்பாளர். 1875இல், வெந்துரா மறைந்த அதே ஆண்டில் பிறந்தவர். சாந்த் ஃபெலியு தெ கிஷொல்ஸ் என்ற கடற்கரை ஊரில் கடிகாரத் தொழில் செய்துகொண்டே சர்தானா எழுதினார். தெரு நடனத்துக்கான பாட்டை உயர்ந்த கச்சேரி இசையின் தரத்துக்குக் கொண்டுபோனவர் அவர் என்பது இசையறிந்தவர்கள் கருத்து. உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் பாவ் கசல்ஸ் கரேத்தாவைப் போற்றியவர். கசல்ஸ் 1927இல் செல்லோக்களுக்கென்றே ஒரு சர்தானா எழுதினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு பிரான்சில் பிராத் என்ற மலையடிவார ஊரில் அகதியாக வாழ்ந்தபோது, 1943இல், அந்தப் பகுதியில் இருக்கும் ஒரு மடாலயத்தின் பெயரில் இன்னொரு சர்தானா எழுதினார். நாடு திரும்ப முடியாதவருக்கு நாட்டின் நடன இசை எழுத முடிந்தது.

அகதி வாழ்வு என்றதும் அரசியலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1907இல் ஆங்ஜெல் கிமெரா எழுதிய 'புனித முள்' என்ற இசை நாடகம் மேடையேறியது. இசை என்ரிக் மொரேரா. அதில் வரும் ஒரு சர்தானா மக்கள் நாவில் ஏறி, ஏறத்தாழ ஒரு தேசியகீதம் போலவே ஆனது. பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரம் 1924இல் அதைத் தடைசெய்தது. 1939இல் உள்நாட்டுப் போரில் பிராங்கோ வென்ற பிறகு அது மறுபடியும் வாயடைக்கப்பட்டது. ஆட்சிக்கு அஞ்சி நாட்டை விட்டுப் போனவர்கள் பிரான்ஸ், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று போன இடங்களில் வட்டம் கூட்டினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கத்தலான் மொழி பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் துரத்தப்பட்ட அந்தப் பல பத்தாண்டுகளில் சர்தானா சதுக்கங்களில் ஆடப்பட்டுத்தான் வந்தது. 1966இல், பிராங்கோ ஆட்சியிலேயே, பார்சலோனாவின் மோந்த்ஜுயிக் குன்றில் சிற்பி ஜுசெப் கன்யாஸ் செதுக்கிய சர்தானா சிலை எழுந்தது. எப்படி இது நடந்தது? பெரும்பாலான சர்தானாக்களை வார்த்தை இல்லாமல் வாத்தியம் மட்டுமே வாசிக்கும். தணிக்கைக்காரர் கோடு போட்டு அடிக்க வரி எதுவும் இல்லை. வட்டாரப் பொழுதுபோக்கு என்று ஆட்சி அதை ஏட்டில் எழுதிக்கொண்டது. ஆடுகிறவர்கள் அதை வேறாக அறிந்திருந்தார்கள். பேச முடியாத காலத்தில் பக்கத்தில் நிற்பவர் யார் பக்கம் என்று கையைப் பிடித்தே தெரிந்துகொள்ள முடிந்தது. தடைசெய்யப்பட்ட பாடலுக்கு வார்த்தை இருந்தது என்பதும், பிழைத்த நடனத்துக்குப் பெரும்பாலும் வார்த்தை இல்லை என்பதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1950களிலிருந்து 1970கள் வரை ஸ்பெயினின் வறண்ட தெற்கிலிருந்து, அந்தலூசியா, முர்சியா, எஸ்த்ரெமதூரா பகுதிகளிலிருந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வேலை தேடிக் கத்தலோனியா வந்தார்கள். பார்சலோனாவைச் சுற்றிய ஆலை நகரங்களில் குடியேறினார்கள். இவர்கள் யார், எப்போது நம்மவர் ஆவார்கள் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. பிரான்செஸ்க் கந்தெல் 1964இல் எழுதிய 'மற்றக் கத்தலான்கள்' என்ற நூல் அந்தக் கேள்வியை எல்லோர் முன்னும் வைத்தது.

அந்தக் கேள்விக்குச் சர்தானா தன் பிறப்பிலேயே ஒரு பதில் வைத்திருக்கிறது. கத்தலோனியாவின் தேசிய நடனத்துக்கு உருக்கொடுத்தவர் அந்தலூசியாவில் பிறந்தவர். பெற்றோர் கத்தலான்கள்தான், ஆனால் பிறந்த ஊரை வைத்து மனிதரைப் பிரிப்பவர்களுக்கு அவர் வாழ்க்கை இடைஞ்சலான உண்மை. அதோடு, வட்டத்தின் விதியும் இதையே சொல்கிறது. கைகளைப் பிரித்து நுழைகிறவரிடம் எங்கே பிறந்தாய் என்று கேட்பதில்லை. தாளத்தைக் கற்றுக்கொள் என்று மட்டும் கேட்கிறது. வந்தவர்கள் எல்லோரும் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு அது கடைசி வரை மற்றவர்களின் நடனமாகவே இருந்தது. விதி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே இருப்பவர்கள் பிடியைத் தளர்த்தி இடம்விட வேண்டும். அது நடந்த இடங்களில் வட்டம் பெருத்தது. நடக்காத இடங்களில் அது உள்ளூர்க்காரர்களின் சங்கமாகச் சுருங்கியது.

இன்றைய நிலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேவாலயச் சதுக்கத்தின் வட்டங்களில் நரைத்த தலைகளே அதிகம். ஆட்டத்தைப் போட்டியாக ஆடும் இளைஞர் குழுக்கள் இருக்கின்றன. ஊர் ஊராக நாள் முழுவதும் பல கொப்லாக்கள் வாசிக்கும் ஆப்லெக் என்ற கூட்டங்கள் நடக்கின்றன. ஆனாலும் இளைஞர்களின் ஆர்வம் இன்று மனிதர்மேல் மனிதர் ஏறி நிற்கும் கஸ்தெல் கோபுரங்களின் பக்கம் சாய்ந்திருக்கிறது. யுனெஸ்கோ 2010இல் அந்தக் கோபுரங்களை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சர்தானா ஏன் தளர்ந்தது? என் கருத்தைச் சொல்கிறேன். அது தேசத்தின் சின்னமானபோது, அதை ஆடாமலேயே போற்றலாம் என்ற நிலை வந்துவிட்டது. விழா என்றால் ஒரு சர்தானா, தலைவர் வந்தால் ஒரு சர்தானா. எழுந்து நின்று மரியாதை செய்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். மரியாதை கூடக் கூட ஆடும் கால்கள் குறைந்தன. வெந்துராவின் காலத்து ஃபிகேரெஸில் அது புதுமோஸ்தர், ஊர் இளைஞர்கள் தேடி வந்து கற்றது. அதை மாற்றவும் வளர்க்கவும் அவர்களுக்குத் துணிவு இருந்தது. பிந்திய தலைமுறைக்கு அதைக் காப்பாற்றும் கடமை மட்டுமே கொடுக்கப்பட்டது. கடமையாக வந்த நடனத்தில் யாருக்கும் கால் எழாது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ஒரு மரபைக் காப்பாற்றும் வழி அதன் வயதைக் கூட்டிச் சொல்வதில் இல்லை. அதை உருவாக்கியவர்களுக்கு இருந்த உரிமையை இன்று ஆடுகிறவர்களுக்கும் தருவதில் இருக்கிறது. வெந்துரா பைக்குழலை நீக்கினார், புதிய தெனோராவைச் சேர்த்தார், அளவைத் திறந்துவிட்டார். அவர் கைவைத்ததால்தான் அது இவ்வளவு தூரம் வந்தது. அவரைப் போற்றிக்கொண்டே, 'இனி ஒருவரும் கைவைக்கக் கூடாது' என்று சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதே சமயம் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. யார் வேண்டுமானாலும் வரலாம், எப்படி வேண்டுமானாலும் ஆடலாம் என்றால் சில நிமிடங்களில் வட்டம் கலைந்துவிடும். கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே வந்தவர் கற்றுக்கொள்ளவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருந்த காலமெல்லாம் சர்தானா செழித்தது. ஒன்றை விட்டபோது வாடியது.

நண்பர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் நேசிக்கும் எந்தக் கலையானாலும், அதைப் பற்றிப் பேசும்போது 'ஆயிரம் ஆண்டுப் பழமை' என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். அதைச் செய்த மனிதர்களின் பெயரைத் தேடுங்கள். வாத்தியம் செய்தவர், பாடம் எழுதியவர், மேடைக்குப் பின்னால் கணக்குப் பார்த்தவர் எல்லோரையும் தேடிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் நேற்றைய மனிதர்களாக இருந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்து உங்கள் ஊரில் ஒரு வட்டம் கூடும்போது ஓரத்தில் நின்று படம் பிடிக்காமல் உள்ளே போய் நில்லுங்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவராக இருந்தால், வருகிறவருக்குக் கையை விட்டு இடம் கொடுங்கள்.